மூளையின் வரைபடமும் தமிழ்ப்பெயரும்

(தென்காசித் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குற்றாலத்தில் சாரல் விழுந்து பேரருவி பெருக்கெடுத்தால், சிற்றாற்று நீர் வயல் நோக்கி ஓடுவதை இவ்வூரார் அறிவர். நடவு நடக்கும் வயலுக்கே மடை திறக்கப்பெறும். நீரோட்டத்தை மட்டும் பார்ப்பவனும் பணி நடக்குமிடத்தைச் சொல்லிவிடுவான்.

மூளையைப் படமெடுக்கும் அறிவியலார் செய்வதும் இதுவே. உழைக்கும் மூளைப்பகுதிக்குக் குருதி மிகுதியாய்ப் பாய்கின்றது. உயிர்வளி நிறைந்த குருதிக்கும் அதனை இழந்த குருதிக்கும் காந்தத்தன்மை வேறு. அவ்வேறுபாட்டைப் படமாக்கலாமென்று 1990-இல் காட்டினார் சப்பானியராகிய ஒகாவா. தலையோட்டைத் திறவாமலே, பேசுகையில் மூளையின் எப்பகுதி உழைக்கின்றதெனக் காண வழிபிறந்தது. (நீரைக் கண்டவன் உழவனின் உள்ளத்தைக் கண்டவனாகான், அதனையும் மறத்தலாகாது.) இத்துறையினர்க்குரிய உலக மாந்த மூளை வரைவுக் கழகத்தின் முதற்கூட்டம் 1995-இல் பாரிசில் கூடிற்று.

தமிழ்மண்ணும் பின்தங்கவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த சுதா கோபாலகிருட்டிணன் மூளை நடுவம், மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், 2024 திசம்பரில் கருக்குழவி மூளையின் வரைபடத் தொகுதியை வெளியிட்டது. இது வேறு முறை. உயிர்நீத்த கருவின் மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து, உயிரணுவும் புலப்படுமாறு படமெடுத்தனர். அத்தகைய சீவல்கள் 5,132! உலக ஆய்வாளர் எவரும் விலையின்றிக் காணலாம். எத்துணை அரும்பணி!

ஆனால், அதற்கிட்ட பெயர் யாது? ‘தரணி’! வடசொல். ஞாலம் என்றோ வையம் என்றோ இட்டிருந்தால், படத்தில் ஒரு கோடேனும் குறைந்திருக்குமா?

தமிழ்ப்பெயர் அறிவியலுக்கு ஒவ்வாதென்பார் உளர். மேலையர் மூளையுறுப்புகளுக்கு வைத்த பெயர்கள்தாம் எவை? கிரேக்கச் சொல்லாகிய ‘இப்போகேம்பசு’ கடற்குதிரை; இலத்தீனச் சொல்லாகிய ‘பான்சு’ பாலம்; ‘கார்டெக்சு’ மரப்பட்டை. அவரவர் வீட்டுச்சொற்களே! நாம் மட்டும் பொருளறியா ஓசைகளை உருப்போடுகின்றோம். ‘கார்டெக்சு’ என்றால் நம் மாணவிக்கு ஒன்றும் விளங்காது. ‘புறணி’ என்றால் மரப்பட்டை கண்முன் நிற்கும். புறணி பேசுதல் என்னும் நெல்லை வழக்கை நினைந்து வகுப்பு சிரிக்குமே என்பீர்கள். சிரிக்கட்டும், சிரித்த பிள்ளை அச்சொல்லை மறவாது.

அத்தொகுதியின் உறுப்புப்பெயர்களைத் தமிழிலும் தருக என்று நடுவத்தாருக்கு இக்கூட்டத்தின் சார்பில் மடல் விடுத்தல் வேண்டும். அதற்குமுன், தென்காசி மருத்துவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் அமர்ந்து முதற்பத்துப் பெயர்களையேனும் ஆக்கி, மடலுடன் இணைத்து விடுப்பார்களாக.