அடுப்படி மேடையும் ஆலோசனையும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாக அமைந்ததால், பலருக்கும் தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பதியர் அந்நாட்களில் வீட்டைச் செப்பனிட எண்ணினர். மணமாகி ஒன்பது ஆண்டுகளில் சேர்த்த சிறு தொகைதான் கையிருப்பு. முன்னறைக்குப் புதிய தரையும் அலங்காரக் கூரையும் வேண்டுமென்பது கணவரின் விருப்பம். மனைவி கேட்டதோ அடுப்படி மேடையை மட்டுமே. “வருகிறவர்கள் பார்ப்பது முன்னறையைத்தானே!” என்று கணவர் முடிவெடுத்துவிட்டார். மேடைக்குப் புதுக் கல் பதிக்க மட்டும் இசைந்தார்.

வெள்ளி காலையில் கொத்தனார் வந்து, “மேடை எவ்வளவு உயரம் வைக்கலாம் பாய்?” என்று கேட்டார். “பழைய உயரமே இருக்கட்டும்” என்றார் கணவர். “நின்று சமைக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் பாய்” என்றார் கொத்தனார். உள்ளே சென்று கேட்டபோது, “நாலு அங்குலம் ஏற்றினால் குனியாமல் நிற்கலாங்க. முதுகு வலிக்காது” என்றார் மனைவி.

கணவர் திகைத்தார். முதுகுவலிக்குத் தைலம் வாங்கித் தந்தவர் அவர். மருத்துவரிடம் அழைத்துச் சென்றவரும் அவரே. “இதை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்றார். “வந்த வருஷமே சொன்னேங்க. ‘உம்மா இருபது வருஷம் இதில்தானே சமைச்சாங்க’ன்னு சொல்லிட்டீங்க” என்பது பதில். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. தம் தாயாரின் முதுகு வளைந்ததும் அந்த மேடையில்தானோ என்ற எண்ணம் அப்போதுதான் அவர் உள்ளத்தில் எழுந்தது.

அன்று அஸருக்குப் பின் என்னிடம் வந்து, “கூரை வேலையை நிறுத்திவிட்டேன் ஹஜ்ரத்! முதலில் அடுப்படி முடியட்டும்” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அன்பர்களே! பால்குடியை மறக்கச் செய்வதைக்கூடக் கணவனும் மனைவியும் மனமொத்து, ஆலோசனை செய்து முடிவெடுக்க வேண்டுமென அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் வழிகாட்டுகிறது. அவ்வாறிருக்க, இருவரும் வாழும் வீட்டைப் பற்றி ஒருவரே முடிவெடுப்பது எங்ஙனம் முறையாகும்?

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்ததும், குர்பானிப் பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும், மனவேதனையில் இருந்த தோழர்கள் எழவில்லை. நபியவர்கள் தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதனைக் கூறினார்கள். எவரிடமும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே முதலில் அவ்வாறு செய்யுமாறு அன்னையார் ஆலோசனை கூறினார்கள். நபியவர்கள் அதனை ஏற்றுச் செயல்பட்டதும் தோழர்கள் அனைவரும் எழுந்தனர். வஹீ வந்துகொண்டிருந்த நபியவர்களே மனைவியின் கருத்துக்குச் செவிசாய்த்திருக்க, நாம் செவிசாய்க்கத் தயங்குவது ஏன்?

மேடை காயும்வரை, சனியும் ஞாயிறும் முற்றத்தில்தான் சமையல். கணவர் வெங்காயம் உரித்தார், பாத்திரம் துலக்கினார். அதில் இழிவேதுமில்லை. நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

ஆகவே அன்பர்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் துணைவியாரிடம், “இந்த வீட்டில் உனக்குச் சிரமம் தருவது எது?” என்று கேளுங்கள். பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள். ஒருவேளை அது, அவர் என்றோ சொல்லி நீங்கள் மறந்துவிட்ட ஒன்றாகவும் இருக்கலாம்.

நம் இல்லங்களை அமைதியும் அன்பும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.