லேபிளுக்காக கம்ப்யூட்டர் பழகினேன்

எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. படிப்பும் பத்தாவதோடு நின்றுபோச்சு. தப்பாக ஏதாவது வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழு குண்டு மிளகாய் வத்தல் வாங்கி குழம்புத் தூள் அரைத்து விற்பது உங்களுக்குத் தெரியும். கடைக்குப் போடணும் என்றால் லேபிள் வேணும் என்று டவுனில் ஒரு அச்சகத்தில் 1,000 லேபிள் அடித்தோம். 2,200 ரூபாய். இருநூறு பாக்கெட்டில் ஒட்டின பிறகு ஒரு கடைக்கார அண்ணன் எண்ணிப் பார்த்துவிட்டு, "உணவுப் பாதுகாப்பு எண் 14 இலக்கம் இருக்கணுமேம்மா, இதில 13தான் இருக்கு" என்றார். ஒரு சைபரைக் காணோம். நான் எழுதிக் கொடுத்த தாளில் சரியாகத்தான் இருந்தது, டைப் அடிக்கும்போது விட்டுவிட்டார்கள். ஆனால் மாதிரியைப் பார்த்து சரி என்று கையெழுத்துப் போட்டது நான்தானே. அந்த வாரக் கூட்டத்தில் ஒரு அக்கா, "படிச்சவன்னு நம்பி விட்டா இப்படி ஆகுது" என்று சொல்லிவிட்டார். ஊக்குநர் அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

வீட்டில் ஒரு லேப்டாப் கிடந்தது. என் கொழுந்தன் பிளஸ் டூ படிக்கையில் அரசாங்கம் கொடுத்தது. அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுட்டுப் போயிட்டார். அதை வைத்து நாமே லேபிள் வரைந்தால் என்ன என்று தோணிச்சு. வீட்டுக்காரர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து முதலில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தேன். பாதிப் பக்கம் வரவே இல்லை. மைக்ரோசாஃப்ட்காரர்களே 2022-ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரியும். குரோம் திறந்தால், விண்டோஸ் 7-க்கு இனிமேல் புதுசு கிடையாது என்று வந்தது. அதுவும் 2023-லேயே நின்றுபோனதாம். கடைசியில் ஃபயர்பாக்ஸ்தான் கைகொடுத்தது. பழைய விண்டோஸுக்கென்றே 115 என்ற பதிப்பைத் தனியாக வைத்திருந்தார்கள். அதில் தமிழிலேயே மெனு வரும். கோப்பு, தொகு என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் போனில் கொழுந்தன் "எடிட்டை அமுக்குங்க அண்ணி" என்று சொல்லும்போது எது எடிட் என்று தேட வேண்டி வந்தது. திரும்ப இங்கிலீஷுக்கே மாற்றிவிட்டேன்.

படம் வரைய ஜிம்ப் என்று ஒன்று இலவசம் என்றார்கள். தேடினதும் பச்சையாக, பெரிசாக 'டவுன்லோடு' என்று ஒரு பட்டன். அமுக்கினேன். வந்தது ஜிம்ப் இல்லை, வேறு என்னமோ. ரெண்டு நாளைக்கு எதைத் திறந்தாலும் விளம்பரம். அதை நீக்குவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் யாராவது இறக்கினால் மேலே முகவரிக் கட்டத்தில் ஜிம்ப் டாட் ஓ.ஆர்.ஜி. என்று நீங்களே அடித்துப் போங்கள். 200 எம்.பி.க்கு மேல் இருக்கும், ராத்திரி மிச்ச டேட்டாவில் இறக்குங்கள். அமெரிக்காவில் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் 1995-ல் ஆரம்பித்ததாம் அது. இன்று வரைக்கும் காசு கேட்கவில்லை.

ஜிம்பில் போனில் எடுத்த மிளகாய்ப் படத்தைச் சுற்றி வெட்டினேன், பேர் எழுதினேன், திரையில் அழகாக இருந்தது. அச்சடித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் மங்கல். கோலப் புள்ளியைத் தள்ளித் தள்ளி வைத்தால் கோலம் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஜிம்பில் படம் என்பதே புள்ளிதான். அச்சுக்கு ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி வேணும். நம்ம லேபிள் 4 இஞ்சு அகலம், 3 இஞ்சு உயரம். அப்போது 1,200-க்கு 900 புள்ளி. நான் வைத்தது அதில் கால்வாசிகூட இல்லை.

எழுத்துக்கு இங்க்ஸ்கேப் நல்லது, அதுவும் இலவசம். அது புள்ளி வைக்காது, கோடு எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். எவ்வளவு பெரிசாக்கினாலும் கூர்மை போகாது. மிளகாய்ப் படத்தை ஜிம்பில் வெட்டி, எழுத்தை இங்க்ஸ்கேப்பில் போட்டேன். லேப்டாப்பில் மெமரி 2 ஜிபிதான். ஒரு எழுத்தை நகர்த்திவிட்டு அரிசி களைந்து வைக்கலாம், அவ்வளவு நேரம் ஆகும்.

வேறொரு அச்சகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே தமிழ் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அந்த ஃபாண்ட் அவர்கள் மிஷினில் இல்லை. எழுத்தைக் கோடாக மாற்றி பி.டி.எஃப். ஆக்கினால் எங்கே திறந்தாலும் உடையாது. ஆனால் கோடாக்கிய பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. இது தெரியாமல் அதன் மேலேயே சேவ் பண்ணிவிட்டு, முழுசும் திரும்ப அடித்தேன். ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிறமும் திரையில் பார்த்த மாதிரி வராது. என் சிவப்பு செங்கல் நிறமாக வந்தது. ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டு மொத்தமாகச் சொல்லுங்கள்.

அந்த ஒரு தாளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். பதிவு எண்ணை மூன்று பேர் தனித்தனியாகப் படிக்கச் சொன்னேன். முதல் ஆள் என்னைச் சொன்ன அதே அக்கா. எங்கள் குழுவில் மூத்த ஆத்தா ஒருத்தருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அவர் விரலை மடக்கி எண்ணி "பதினாலு இருக்குடி" என்று சொன்ன பிறகுதான் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தடவை நான் மட்டும் போடவில்லை.

ஊறுகாய், அப்பளம் போடும் குழுக்கள் லேபிள் மாதிரி பார்க்கணும் என்றால் வீட்டுக்கு வாங்க, என்னுடையதையே பேர் மாற்றிக் கொடுக்கிறேன். லேப்டாப்பில் பேட்டரி போய்விட்டது. கரண்டு இருக்கிற நேரமாகப் பார்த்து வாங்க.