ஓடுகிற கணினிக்குச் சாவுச்சீட்டு எழுதுவது யார்?

சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் கணினி சர்வீஸ் தோழர்களே!

கணினியால் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று யார் பேச ஆரம்பித்தாலும் விரல் முதலில் நம் பக்கம்தான் நீளுகிறது. எழுந்து போகும்போது மானிட்டரை அணை. தேவையில்லாமல் பிரிண்ட் எடுக்காதே. பழைய மின்னஞ்சலை அழி. நல்லது ஐயா, அணைக்கிறோம், அழிக்கிறோம். ஆனால் ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அதன் மூடியை நாம் முதன்முதலாகத் திறக்கும் முன்பே சேர்ந்துவிடுகிறது. சுரங்கத்தில் சேர்கிறது, சிப் ஆலையில் சேர்கிறது. அப்படியென்றால், அதை நான்கு வருடத்தில் தூக்கிப் போடுவதா, பத்து வருடம் ஓட்டுவதா என்பதல்லவா முதல் கேள்வி? எந்தச் சுவரொட்டியிலாவது அந்தக் கேள்வியைப் பார்த்திருக்கிறீர்களா?

2025 அக்டோபர் 14 அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய நாள் அது. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டுமாம், இன்டெல் பிராசஸர் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டுமாம். 2016-ல் வாங்கிய ஐ5 மெஷின், கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை, அதற்குச் சீட்டுக் கிழிந்தது. போர்டு போகவில்லை, டிஸ்ப்ளே போகவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு பட்டியல் மாறியது, அவ்வளவுதான்.

இன்னும் ஓராண்டு அப்டேட் வேண்டுமா, 30 டாலர் கட்டு, இல்லையென்றால் உன் செட்டிங்ஸை எங்கள் கிளவுடில் ஏற்று என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் வரிந்து கட்டிக்கொண்டு நின்றன. அங்கே மட்டும் அந்த நிபந்தனைகள் காணாமல் போயின. சண்டை போட்டவனுக்குக் கிடைத்தது. நாம் போட்டோமா?

இதே மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் ஒரு சபதம் எடுத்தது. 2030-க்குள் தான் வெளியிடும் கரியமில வாயுவைவிட அதிகமாகக் காற்றிலிருந்து அகற்றிவிடுமாம். 2024-ல் அவர்களே வெளியிட்ட அறிக்கை என்ன சொல்லிற்று? 2020-ஐ விட வெளியீடு சுமார் 29 சதவீதம் கூடிவிட்டது. டேட்டா சென்டர் கட்டியது முக்கியக் காரணம். நம்மை மானிட்டரை அணைக்கச் சொல்கிறார்கள்!

சீட்டுக் கிழிந்த மெஷின் எங்கே போகிறது? 2022-ல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் கொஞ்சத்தை டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் பார்க்கலாம். செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள்; பிளாஸ்டிக் உறை எரியும் அந்தப் புகையில் டையாக்சின் இருக்கிறது. தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் ஊறப்போடுகிறார்கள். வேலை முடிந்த அமிலம் சாக்கடைக்குப் போகிறது. அந்தத் தொழிலாளியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வயிற்றுப்பாட்டுக்காக நச்சைச் சுவாசிக்கிறவன் அவன்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். ஆன் ஆகாத போர்டு வருகிறது. மல்டிமீட்டர் வைத்தால் ஷார்ட். ஐ.பி.ஏ. ஆல்கஹாலைத் தடவி, பவர் சப்ளையிலிருந்து கொஞ்சமாகக் கரண்ட் கொடுக்கிறீர்கள். எந்த இடம் முதலில் காய்கிறதோ, அங்கேதான் களவாணி. மிளகில் பாதிகூட இல்லாத ஒரு கெபாசிட்டர். ஹாட் ஏர் பிடித்து எடுத்து, வேறொன்றை வைத்தால் மெஷின் எழுந்து உட்கார்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தால், வாடிக்கையாளர் புது மெஷினா என்று கேட்கிறார். இதுதான் நாட்டின் ஆகச் சிறந்த சுற்றுச்சூழல் வேலை. இதற்கு யாரும் பசுமை விருது கொடுப்பதில்லை. போர்டின் சர்க்யூட் வரைபடமான ஸ்கீமேட்டிக்கை நிறுவனத்திடம் கேட்டால் தருவதில்லை. டெலிகிராம் குழுவில் திருடனைப் போலத் தேட வேண்டியிருக்கிறது. ரேமை போர்டோடு சேர்த்து சால்டர் செய்துவிட்டார்கள். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். மெல்லிசாக இருக்கிறதாம், அழகாக இருக்கிறதாம்!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2022-ன் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. உற்பத்தியாளருக்கு அவை வைத்த இலக்கு, எத்தனை டன் மறுசுழற்சி என்பது. எத்தனை வருடம் ஓடியது என்று கேட்கும் இலக்கு அதில் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது. அதைக் காட்டி உங்களில் எத்தனை பேர் ஒரு ஸ்கீமேட்டிக் வாங்கினீர்கள்? பிரான்சில் 2021 ஜனவரி முதல், விற்கும் மடிக்கணினி மீது, பழுதுபார்க்க எவ்வளவு தோதானது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டே ஆக வேண்டும்.

நம் தமிழ்நாடு அரசு சின்ன வாடிக்கையாளர் அல்ல. 2011 முதல் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்த அரசு. அந்த அளவுக்கு வாங்குகிறவன் டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் எந்தக் கம்பெனியும் மறுக்காது. ரேமும் பேட்டரியும் கழற்றும்படி இருக்க வேண்டும், பத்தாண்டுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும், ஸ்கீமேட்டிக் தர வேண்டும் என்று எழுதட்டும்.

அரசு அலுவலகங்களில், பயனற்றது என்று கண்டம் செய்ய ஒதுக்கிய மெஷின்களில் லினக்ஸ் போடுங்கள். கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. பாஸ் லினக்ஸ் இதே சென்னையில், மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக்கில் உருவானது. கணக்கரின் டேலி அதில் நேரடியாக ஓடாது என்பார்கள். உண்மைதான், அந்த மேசையை விட்டுவிடுங்கள். கடிதம் அடிக்கிற, பிரவுசர் திறக்கிற மேசைகள்தானே மீதியெல்லாம்?

ஆகவே தீர்மானம் இது. வயதைக் காட்டி மட்டும் எந்த அரசுக் கணினியையும் கண்டம் செய்யக் கூடாது. போர்டைச் சோதித்த டெக்னீசியனின் கையெழுத்து கண்டம் செய்யும் தாளில் இருக்க வேண்டும். ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.