ஒரு பஞ்சர், மூன்று லிவர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வெளிநாட்டு மேற்படிப்பு, சொந்தத் தொழில் என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் பேச வந்திருப்பது சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது பற்றி. தலைப்பைச் சொன்னதும் நம் சங்கச் செயலாளர், "விளையாடறியாப்பா?" என்று கேட்டார். "இல்ல சார், பத்து நிமிஷம் மட்டும் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009-ஆம் ஆண்டு. நான் இறுதியாண்டு மாணவன். நகரத்தில் ஒரு நிறுவனத்தின் எழுத்துத் தேர்வு, காலை 10 மணிக்கு. பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, அறை நண்பனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். 12 கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம் போதும் என்று கணக்கு. பாதி வழியில் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. பையில் சொல்யூஷன் இருந்தது, பேட்ச் இருந்தது, கைப்பம்பும் இருந்தது. டயரைக் கழற்ற மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது. நாம்தான் எஞ்சினியர் ஆச்சே! நெம்பினேன். டயர் வந்தது. முள் குத்திய ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினேன். அதே ஸ்குரூ டிரைவரால் டயரை உள்ளே தள்ளினேன். காற்று அடித்தேன். நூறு அடி போவதற்குள் மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி 11.10. கதவை மூடிவிட்டார்கள். தேர்வு எழுதியிருந்தால் வேலை கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். எழுதும் வாய்ப்பே போய்விட்டது.

மாலையில் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். பழைய மாணவர்களுக்கு அந்தக் கடைத் தாத்தாவை நினைவிருக்கும். ட்யூபை வெளியே உருவி, தண்ணீர்ச் சட்டியில் முக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, முள்ளு குத்துனது ஒண்ணு. நீ குத்துனது ரெண்டு." எதனால் நெம்பினாய் என்று கேட்டார். ஸ்குரூ டிரைவரைக் காட்டினேன். "இது திருகுறதுக்கு. நெம்புறதுக்கு வேற இருக்கு" என்றார். நாலு வருஷம் படித்தும் எனக்குப் புரியாத பாடம் அன்றைக்குத்தான் புரிந்தது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். போன ஆண்டு கூடலுக்கு வந்தபோது முதலாண்டு மாணவி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் ஊரிலிருந்து தினமும் 9 கிலோமீட்டர் வருகிறார். ஒரு நாள் வழியில் பஞ்சர். கடை திறப்பது 10 மணிக்கு. அவருக்கு லேப் தேர்வு 9 மணிக்கு. அவரும் தள்ளிக்கொண்டேதான் வந்தார். "அண்ணா, பஞ்சர் ஒட்டுறது கஷ்டமா?" என்று கேட்டார். கஷ்டமே இல்லை. சரியான கருவி மட்டும் வேண்டும். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பாருங்கள்

கருவி வாங்குவதற்கு முன் உங்கள் வண்டி என்ன என்று பாருங்கள். நம் ஊர்ப் பெரிய கறுப்பு சைக்கிளில் டயரின் ஓரத்தில் 28 x 1½ என்று எழுதியிருக்கும். பின் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் மட்கார்டு கம்பி, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் குறுக்கே நிற்கும். அதனால்தான் நம் ஊர்க் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, வண்டியிலேயே வைத்து ஒட்டிவிடுவார்கள். இந்த வண்டிக்கு லிவர், பேட்ச், சொல்யூஷன், பம்ப் இவ்வளவு போதும். ஸ்பானர்கூட வேண்டாம்.

கியர் வைத்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரு பிடியைத் திருப்பினால் முன் சக்கரம் கையோடு வந்துவிடும். சிலவற்றில் பின் சக்கரமும் அப்படித்தான். அந்த வண்டிக்கு இன்னொரு ட்யூபையே பையில் வைத்துக்கொள்வது நல்லது. வழியில் ட்யூபை மாற்றிவிட்டு, ஓட்டையானதை அறையில் உட்கார்ந்து நிதானமாக ஒட்டலாம். ஆனால் அளவு பார்த்து வாங்குங்கள். 26 இஞ்ச் என்று ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் உண்டு. டயரில் சின்னதாக 40-635, 50-559 என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கில். இஞ்ச் கணக்கு ஏமாற்றும், இது ஏமாற்றாது. வால்வையும் பாருங்கள். நம் பழைய சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வ். சில வண்டிகளில் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தடித்த வால்வ். ரேஸ் வண்டிகளில் மெல்லிய, நீண்ட வால்வ். தடித்த வால்வ் மெல்லிய வால்வுக்கான துளையில் நுழையாது. பம்பின் வாயும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

நெம்புவதற்கு என்ன?

டயரின் இரண்டு ஓரங்களிலும் உள்ளே கம்பி வளையம் ஓடுகிறது. அந்தக் கம்பி நீளாது. நீளாத வளையத்தை ரிம்மின் உதட்டைத் தாண்டி எப்படி வெளியே எடுப்பது? வலுவால் முடியாது, இடம் கொடுத்தால்தான் முடியும். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள், அது அதற்காகத்தான். கம்பியை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால், எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். சின்னக் கணக்குதான்: பள்ளம் 3 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வட்டத்துக்குக் கம்பி உள்ளே இறங்கினால், 3.14-ஐ 3-ஆல் பெருக்கினால் வருகிற 9 மி.மீ.க்கு மேல் தளர்வு கிடைக்கிறது. கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வந்தாலே வேலையில் பாதி முடிந்துவிடும்.

வால்வ் இருக்கும் இடத்தில் ட்யூப் தடித்திருக்கும், கம்பி பள்ளத்துக்குள் இறங்காது. ஆகவே தளர்வு தேவைப்படும் இடம் வால்வுக்குப் பக்கமாக இருக்கட்டும், பள்ளத்தில் இறக்குவது எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். கழற்றும்போது வால்வுக்கு ஒரு சாண் தள்ளி ஆரம்பியுங்கள். மாட்டும்போது வால்வுக்கு எதிரே ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முடிக்கப் பார்த்து, கடைசி நாலு விரல்கடை ஏறாமல் ஸ்குரூ டிரைவரைத் தேடியவன்தான் நான்.

இப்போது லிவருக்கு வருவோம். 12 செ.மீ. லிவரின் நுனியிலிருந்து 1 செ.மீ.யில் ரிம் தாங்கினால், உங்கள் கை கொடுக்கும் விசை பதினோரு மடங்காகிறது. அவ்வளவு விசை ஸ்குரூ டிரைவரின் கூர்முனை வழியாக ட்யூப் மேல் இறங்கினால் என்ன ஆகும்? அதைத்தான் தாத்தா தண்ணீரில் காட்டினார். நல்ல லிவரின் நுனி அகலமாக, வழவழப்பாக, ஓரம் மழுங்கி, கரண்டி போல வளைந்திருக்கும். வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் வேண்டாம்.

இரும்பா, பிளாஸ்டிக்கா? நம் ஊர் இரும்பு ரிம்முக்கு இரும்பு லிவர் தாராளமாகப் போதும், உடையவே உடையாது. அலுமினிய ரிம்முக்கு அது ஆகாது, பள்ளமும் கீறலும் விழும். அதற்கு அகலமான, தடித்த பிளாஸ்டிக் லிவர் நல்லது. மெலிந்த பிளாஸ்டிக் இறுக்கமான டயரில் உடைந்துவிடும். உள்ளே இரும்பு வைத்து மேலே பிளாஸ்டிக் மூடியதும் கிடைக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் அதுதான் என் சிபாரிசு. எப்போதும் மூன்றாக வாங்குங்கள். முதல் லிவரை நெம்பி அதன் கொக்கியை ஸ்போக்கில் மாட்டுங்கள். இரண்டு ஸ்போக் தள்ளி அடுத்தது. நடுவில் மூன்றாவதை விட்டால் டயர் தானாக வெளியே வரும். மாட்டும்போது முடிந்தவரை கையாலேயே மாட்டுங்கள்.

ஒட்டுவதற்கு என்ன?

ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டும் பேட்ச் ஒன்று உண்டு. ஒரு நிமிடத்தில் வேலை முடியும், வீடு போய்ச் சேரலாம். அதை நிரந்தரம் என்று நம்பாதீர்கள். நிலைத்து நிற்பது உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச் மூன்றும் சேர்ந்த பழைய முறைதான். உப்புத்தாளால் தேய்ப்பது ட்யூபின் மேலே உள்ள வழவழப்பான, பழசான படலம் போவதற்காக. சொல்யூஷன் என்பது கரைப்பானில் கரைத்த ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் ஒட்டும். ஈரத்தில் பேட்சை வைத்தால் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஓரம் கிளம்பிவிடும். மெலிதாகத் தடவி, பளபளப்பு மறைந்து விரலில் ஒட்டாத நிலை வரும் வரைக்கும் மூன்று நாலு நிமிடம் சும்மா இருங்கள். பஞ்சர் ஒட்டுவதில் கஷ்டமான வேலை இந்தச் சும்மா இருப்பதுதான்! பிறகு பேட்சை வைத்து நன்றாக அழுத்துங்கள். மேலே கொஞ்சம் பவுடர் தூவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது. இன்னொரு விஷயம், சொல்யூஷன் ட்யூபை ஒருமுறை திறந்தால் பைக்குள்ளேயே காய்ந்துவிடும். திறக்காத சின்ன ட்யூப் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

ஒட்டிவிட்டோம் என்று அவசரப்பட்டு மாட்டிவிடாதீர்கள். குத்தியது எது என்று கண்டுபிடியுங்கள். நெருஞ்சி முள்ளா, கருவேல முள்ளா, லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பியா? டயருக்குள் துணியை ஓட்டிப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும். வெறும் விரலை விட்டால் அடுத்த பஞ்சர் விரலில். இரண்டு ஓட்டை அருகருகே பாம்புக் கடி போல இருந்தால் அது முள் அல்ல. காற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு மருந்து பம்ப். எவ்வளவு காற்று என்று டயர் ஓரத்திலேயே எழுதியிருக்கும். ஓட்டையே தெரியாமல் தினமும் காற்று இறங்கினால் முதலில் வால்டியூபை மாற்றிப் பாருங்கள். பலமுறை அதுதான் குற்றவாளி.

ஒரு சின்ன வரலாறு

காற்றடைத்த டயருக்கு 1845-லேயே இராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கினார். அது மறந்துபோய், 1888-ல் பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதையே மறுபடியும் கண்டுபிடித்தார். வண்டி சுகமாக ஓடியது. ஆனால் அந்த டயரை ரிம்மோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பஞ்சர் என்றால் பிய்த்து எடுத்து, ஒட்டி, இரவு முழுக்கக் காய வைக்க வேண்டும். பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் இந்தத் தொல்லையைப் பார்த்துத்தான் 1891-ல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு, பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1200 கிலோமீட்டர் பந்தயத்தில், அந்த டயரை மாட்டிய ஷார்ல் தெரோன் வென்றார். அவர் டயருக்கும் வழியில் பஞ்சர் ஆனது. சீக்கிரம் சரிசெய்து கிளம்ப முடிந்ததுதான் பெரிய விஷயம். பஞ்சரே ஆகாத டயரைத் தேடாமல், பஞ்சர் ஆனால் கையால் சரிசெய்யக்கூடிய டயரைத் தேடினார்கள். எஞ்சினியரிங் என்றால் எனக்கு இதுதான் என்று தோன்றுகிறது.

ஒரு வேண்டுகோள்

அந்தத் தாத்தா இன்றைக்கு இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. நகரத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. 9 கிலோமீட்டர் மிதித்து வரும் அந்தத் தங்கைக்குப் பொருட்டு உண்டு. வருகைப் பதிவில் குறைந்த ஒரு நாளை, தவறிப்போன ஒரு தேர்வைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

எனவே எங்கள் வகுப்பு நண்பர்கள் சேர்ந்து, சைக்கிள் நிறுத்தத்தில் வைக்க ஒரு பெட்டியை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அதில் ஆறு லிவர், உப்புத்தாள், பேட்ச், சொல்யூஷன், வால்டியூப், ஒரு தண்ணீர்ச் சட்டி, காலால் மிதிக்கும் பம்ப் ஒன்று இருக்கின்றன. பூட்டுப் போட வேண்டாம் என்று முதல்வர் ஐயாவிடம் கேட்டிருக்கிறோம். தீர்ந்துபோவதை ஆண்டுதோறும் நிரப்புவது எங்கள் பொறுப்பு. ஒரு லிவர் காணாமல் போனால் வருத்தப்பட மாட்டோம். எங்கேயோ ஒரு சாலை ஓரத்தில் அது யாருக்காவது உதவிக்கொண்டிருக்கும்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் மரத்தடியில் ஒரு பழைய சக்கரத்தோடு உட்கார்ந்திருப்பேன். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வாருங்கள், கையில் கறை படியும், பரவாயில்லை. முதலில் வரப்போவது அந்த முதலாண்டு மாணவி. இப்போது இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டார். நேற்றே சொல்லிவிட்டார்: "அண்ணா, நானே கழற்றுவேன். நீங்க பாத்தா மட்டும் போதும்."

பத்து நிமிடம் என்று சொல்லி அதற்கு மேல் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள்.