பந்தய நாளும் சுழியோடிகளும்

மெக்சிக்கோ நாட்டின் கீழைக் கரைக்கு அப்பால், கரீபியன் கடலில் கொசுமெல் என்னுந் தீவு உளது. அதன் மேற்குக் கரையோரத்து முருகைக்கற் பாறைகளைக் காணப் பல நாட்டுச் சுழியோடிகள் வருகின்றனர். 1996இல் அப்பாறைகள் தேசியப் பூங்காவாயின.

2009 தொடக்கம் அங்கே 'அயன்மான்' என்னும் பந்தயம் நடைபெற்று வருகின்றது. கடலில் 3.8 கிலோமீற்றர் நீந்தி, துவிச்சக்கர வண்டியில் 180 கிலோமீற்றர் சென்று, பின்னர் ஒரு முழு மரதனும் ஓடவேண்டும். கேட்கவே மூச்சு வாங்கும்! தீவு சிறிது, ஆதலின் வண்டி வீரர் ஒரே வழியை மும்முறை சுற்றுவர். தெருக்கள் மணிக்கணக்கில் அடைபடும். நீந்துவோர் செல்லும் மேற்குக் கடலோ சுழியோடிப் படகுகளுக்கும் உரியது.

அன்று விடுதிகள் நிறையும் என்பது மெய்யே. ஆனால், படகுத்துறைக்கு வரமுடியாத விருந்தினரை எதிர்பார்த்துப் படகுக்காரர் வாளாவிருப்பர். "ஒரு நாள்தானே, மறுநாள் இறங்கலாமே" என்பாரும் உளர். சிக்கல் இங்கேதான் இருக்கின்றது. நாள்தோறும் சுழியோடியவர், உடலில் கரைந்த நைதரசன் வெளியேறும் பொருட்டு, குறைந்தது 18 மணிநேரம் கழித்தே விமானம் ஏறுதல் வேண்டும். எனவே ஒரு கிழமைக்கென வந்தவருக்குக் கடைசி நாள் முன்னரே கழிந்துவிடுகின்றது. பந்தயமும் ஒரு நாளைக் கொண்டுபோனால், அதற்கு ஈடாக வேறு நாள் இல்லை. வாங்கிய பணத்தைக் கடைக்காரர் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான். வழிகாட்டிக்கு அன்றைய கூலியுமில்லை, விருந்தினர் மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்புமில்லை.

பந்தயத் திகதி பல மாதங்களுக்கு முன்னரே தெரிவது. தெரு அடைபடும் நேரத்தையும் அவ்வாறே அறிவித்தால், வருவோர் தம் நாட்களை மாற்றிக்கொள்வர். நீந்துவோரைக் காக்கப் படகுகள் வேண்டுமே; துறையில் சும்மா நிற்கும் இப்படகுகளைக் கூலிக்கு அமர்த்துவதில் தடை என்ன?