1941: கிள்ளான் தோட்டங்கள் கண்ட ஆண்டு

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் நாடு கண்ட ஏதேனும் ஓர் ஆண்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் 1941-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு என்றாலே டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தோட்டத்து மக்களாகிய நமக்கு அந்த ஆண்டு அதற்குப் பல மாதங்கள் முன்பே, இதே கிள்ளான் வட்டாரத்து லயங்களில் தொடங்கிவிட்டது.

அன்றைய நிலையைக் கேளுங்கள். ஐரோப்பாவில் போர். பிரிட்டனுக்கு டாலர் வேண்டும். மலாயாவின் ரப்பரும் ஈயமும் அமெரிக்காவுக்குப் போய் அந்த டாலரைச் சம்பாதித்துத் தந்தன. அந்தப் பாலை வெட்டிய நம்மவருக்கோ நாட்கூலி 50 காசு. பெண்களுக்கு அதற்கும் குறைவு. அதே வேலை செய்த சீனத் தொழிலாளிக்குக் கூலி கூடுதல். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு உதவிப் பணத்தில் ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டதால் புதிய ஆளும் வரவில்லை. சரக்குக்குக் கிராக்கி, ஆளுக்கும் கிராக்கி. கூலி மட்டும் அசையவில்லை.

இந்த வேளையில்தான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளரைத் திரட்டியது. அதன் முன்னணியில் நின்றவர்கள் ஆர்.எச். நாதனும் ஒய்.கே. மேனனும். நாதன் பத்திரிகைத் துறையிலிருந்து வந்தவர். இவர்கள் பால்மரம் வெட்டியவர்கள் அல்லர். ஆயினும் வெட்டுபவனின் குறையைத் தம் குறையாக ஏற்றவர்கள். தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது.

அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, நோயாளிக்கு முறையான வைத்தியம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகவும், தாங்கள் சங்கம் வைத்துக்கொள்ளவும் உரிமை கேட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தாலும், தோட்ட உத்தியோகஸ்தர் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை கேட்டார்கள்!

தோழர்களே, இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சொந்த உழைப்பில் சைக்கிள் வாங்கியவன், இன்னொரு மனிதனைக் கண்டதும் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும் என்றால், அது எத்தனை காசு கொடுத்தாலும் தீராத அவமானம். கூலிப் பட்டியலோடு சைக்கிளையும் சேர்த்து எழுதியவர்கள், தாங்கள் மனிதர்கள் என்பதை எழுதினார்கள். இங்கே இருக்கும் கிராணிமார்கள் இதைக் கேட்டு மனம் வருந்த வேண்டாம். தொழிலாளியைத் துரைக்கு முன் இறங்கச் சொன்ன அதே முறைதான் கிராணியையும் துரைக்கு முன் கைகட்டி நிற்கச் சொன்னது.

கூலியில் சில காசு ஏறியது. மரியாதையும் சங்க உரிமையும் கிடைக்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது.

இனி அதே ஆண்டின் கடைசி மாதத்துக்கு வாருங்கள். டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. 10-ஆம் தேதி பிரிட்டனின் இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தானுக்கு அப்பால் கடலில் மூழ்கின. குண்டு விழுந்த பினாங்கில், அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு, ஆசிய மக்களை அப்படியே விட்டுச் சென்றார்கள். அங்கே கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் எம். சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர், பத்திரிகை ஆசிரியர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

மே மாதத்தில் சைக்கிளில் போக உரிமை கேட்டவன் மீது பாய்வதற்குப் படை இருந்தது. டிசம்பரில் அவன் பெண்டு பிள்ளைகளைக் காக்கப் படை போதவில்லை. யார் ஆபத்தானவர் என்பதில் அந்த அரசாங்கம் போட்ட கணக்கு எவ்வளவு பிழையானது! துரைமார் போன பிறகு தோட்டத்தில் நின்றவர்கள் நாம். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, பல்லாயிரக்கணக்கில் மாண்டவர்களும் நம்மவர்களே.

இந்த ஓர் ஆண்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நாதனைப் பிடித்ததும் இயக்கத்தை முறிக்க முடிந்தது. ஏன்? தோட்டந்தோறும் கிளை, சந்தா, கணக்கு, ஒருவர் போனால் அடுத்தவர் என்ற அமைப்பு வேரூன்ற விடப்படவில்லை. போருக்குப் பின் பல சங்கங்கள் தோன்றி, பல சோதனைகளைக் கண்டு, 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாக ஒன்றுபட்டபோதுதான் நிலையான அமைப்பு கிடைத்தது. மாதச் சந்தாவைச் சிறிய தொகை என்று எண்ணாதீர்கள். 1941-இல் இல்லாமற்போன வேர் அதுதான்.

இன்னும் ஒரு சொல். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மிஞ்சிய தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நம்மோடு உழைக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று அன்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வந்தவனுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் நமக்கென்ன என்று இருந்துவிட்டால், நம் பாட்டன் கோரிக்கையை நாமே கிழித்துப் போட்டவர்கள் ஆவோம். குறைந்த கூலிக்கு ஒருவன் கிடைக்கும் வரை, நம் கூலியும் ஏறாது.

ஆகவே, அவனையும் சங்கத்துக்கு அழையுங்கள். லயத்தில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் பெற்றோர் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். 1941-ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மே மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!