வராத நோயாளியின் கணக்கு



புள்ளியியலில் இன்று பட்டம் பெறும் இளையோர் கற்ற கணக்குக்குச் சென்னையிலேயே ஓர் அருமையான முன்கதை உண்டு. 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. காசநோயாளி என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. படுக்கைகளோ போதவில்லை. மையத்தின் ஆய்வாளர்கள் நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கும் மற்றவர்களை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்.

சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. அங்கிருந்தவர்களின் எடை அதிகம் கூடியது. ஆனாலும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அவர்கள் அளவுக்கே குணமானார்கள். நோயாளிகளின் குடும்பத்தாரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தெரிந்தது.

இந்த முடிவை உலகம் ஏற்றதற்கு ஒரு காரணம், அதன் பின்னிருந்த உழைப்பு. பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உடலுக்குள் போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள்.

நோயாளிகளைப் பல மாதங்கள் தொடரும் ஆய்வுகளில் சிலர் இடையில் நின்றுவிடுவதுண்டு. அப்படி வராமல் போகிறவர் ஏன் வரவில்லை? குணமாகியிருக்கலாம், நோய் முற்றியிருக்கலாம், ஒருநாள் கூலியை இழக்க முடியாதவராக இருக்கலாம். முற்றியதால் நின்றவர்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும். கடைசியாகப் பதிவான அளவையே அடுத்தடுத்த மாதங்களுக்கும் நிரப்பும் பழக்கமும் சரியல்ல. அன்றோடு அவர் உடல் மாறாமல் நின்றுவிட்டது என்று அது சொல்கிறது.

விடுபட்ட தரவு எந்த வழிகளில் விடுபடுகிறது என்பதை புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் வகைப்படுத்தினார். 1982-இல் நேன் லேர்டும் ஜேம்ஸ் வேரும் தந்த மாதிரியில், எல்லோருக்கும் பொதுவான ஒரு போக்கும், அதிலிருந்து ஒவ்வொருவரும் விலகும் அளவும் சேர்ந்திருக்கும். ஒருவர் 3 முறையும் இன்னொருவர் 10 முறையும் வந்திருந்தாலும் இருவருக்கும் அதில் இடமுண்டு. ஆனால் பதிவாகாமல் போன அளவே ஒருவர் வராததற்குக் காரணமென்றால் இந்த மாதிரியும் தவறும். அப்போது உடல்நிலையின் போக்கையும் ஆய்விலிருந்து விலகுவதையும் ஒன்றாகவே மதிப்பிட வேண்டும். அதற்கும் விலகியதன் காரணம் தெரிந்தாக வேண்டும்.

காசநோய்ப் பதிவுகளில் இன்றும் ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்றொரு வகை இருக்கிறது. இந்த அரங்கிலிருந்து அந்தத் தரவுக்குப் போகிறவர்கள் மென்பொருளை இயக்கும் முன், அந்த நோயாளியைக் கடைசியாகப் பார்த்த சுகாதாரப் பணியாளரிடம் பேச நேரம் ஒதுக்க வேண்டும்.